அடிக்க ஒன்றுமில்லாத இதழ்

"இந்த இதழ்ல அடிக்க ஒண்ணுமே இல்லையே சார்," என்று தணிக்கைக்காரர் சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டதும் ஆசிரியர் கைப்பிரதியை வாங்கி, தப்பு ஏதாவது கிடைக்குமா என்று புரட்டினார்.

வேறு பத்திரிகாசிரியர் என்றால் துள்ளிக் குதித்திருப்பார். இவருடையது தலைகீழாக அச்சிட்ட கவிதையும் நடுவில் தொடங்கி நடுவிலேயே நின்றுபோகும் கதையுமாக வருகிற நவீன இலக்கிய இதழ். யுத்தம் வந்ததும் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பட்டாளத்துக்குப் போனார்கள். மீதிப் பேர் புத்தி வந்து உருப்படியான வேலைக்குப் போனார்கள். எல்லாப் புனைபெயர்களிலும் இப்போது இவரே எழுதினார். படிப்பதற்கென்று இருந்தது, வியாழக்கிழமைதோறும் கைப்பிரதியைப் பார்க்க வரும் இந்த ஒரே ஜீவன்தான். வரிக்கு வரி, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பார். கட்டிய மனைவிகூட அப்படிக் கேட்டதில்லை. அவளும் அம்மா வீட்டுக்குப் போய் வெகுநாளாயிற்று.

அடிக்க ஒன்றுமில்லையென்றால் மனிதர் எதற்காக வருவார்?

அடுத்த வாரம், 'பாலம் இன்றிரவு நகரும்' என்று ஒரு வரியைச் செருகி வைத்தார்.

"எந்தப் பாலம் சார்?"

"மனசுல இருக்கிற பாலம்."

"அப்ப இருக்கட்டும். நல்லா இருக்கு."

அதற்கடுத்த வாரம் வெறும் எண்களாலேயே ஒரு கவிதை எழுதினார். தணிக்கைக்காரர் அதை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார். "ஏழுக்கு அப்புறம் தொண்டையை அடைக்குது சார்," என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல், துறைமுகத்தின் வரைபடத்தையே கவிதையாக்கினார் ஆசிரியர். அதையும் தணிக்கைக்காரர் ரசித்துவிட்டுப் போனார். அச்சகக்காரர்தான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"கவிதை."

"கவிதைல எதுக்கு சார் அம்புக்குறி? நான் பிள்ளைகுட்டிக்காரன்."

அச்சகக்காரர் அந்தத் தாளோடு நேரே தணிக்கை அலுவலகத்துக்கு ஓடினார். மறுநாள் காலையில், அங்கே புதிதாக வந்திருந்த மேலதிகாரி ஒரு குமாஸ்தாவோடு ஆசிரியரின் அறைக்குள் நுழைந்து, தாளை மேஜையில் போட்டார்.

"இதை யார் அனுமதிச்சது?"

உண்மையைச் சொன்னால் இவர் தலை தப்பும். ஆனால் அந்த மனிதருக்கு வேலை போகும். அப்புறம் வியாழக்கிழமை என்று ஒன்று இருக்காது.

"யாரும் இல்ல. நானே அனுமதிச்சுக்கிட்டேன்."

"ஓரத்துல சிவப்புப் பென்சில்ல 'பிரமாதம்'னு எழுதியிருக்கே?"

"அதுவும் நான்தான்."

"உங்க கவிதைக்கு நீங்களேவா?"

"வேற யார் சார் எழுதுவாங்க?" பொய்யாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் அது உண்மையாகிவிட்டது.

குமாஸ்தா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது நம்ம மூணாவது மேஜைக்காரர் கையெழுத்து சார். இந்தப் பத்திரிகையை யாரும் பார்க்க வேண்டியதில்லைன்னு போன வருஷமே தள்ளிட்டோம். அதுலேர்ந்து இந்த மனுஷன் வியாழக்கிழமையானா அரைநாள் லீவு போட்டுட்டு எங்கதான் போறார்னு நாங்களும் மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தோம்."