சத்தம் பிடிக்கிறவர்

சத்தம் பிடிக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. சத்தம் பிடிக்கிறவர் என்றதும் அவருக்குச் சத்தம் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குச் சத்தமே பிடிக்காது. படப்பிடிப்பில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, உலகம் ஏன் இப்படி இரைகிறது என்று முகம் சுளித்தபடி உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். இந்த இனம் எங்கும் உண்டென்றாலும், பிரான்சில் பெரிய கம்பெனிகளின் வாசலை மிதிக்காமல், நிறையக் கொள்கையோடும் சொற்பக் காசோடும் படம் எடுக்கிறார்களே, அந்தக் கூட்டத்தில்தான் கொழுகொழுவென்று வளர்கிறது.

அடையாளம் வேண்டுமா? காப்பிக் கடையில் எல்லோரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் கூரையைப் பார்த்து, "அந்த விசிறியில பேரிங் போச்சு" என்பார். சொந்தத் தகப்பனாரின் சவ அடக்கத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, "பாதிரியார் மைக்கை முழுங்குறார்" என்று தங்கையின் காதில் சொல்வார். ரெமி கெர்வெல்லா இரண்டையும் செய்தவர்.

பாரிசை ஒட்டிய மோந்த்ரோயில் குடியிருந்த ரெமி, பதினோரு வருஷம் நீளக் கம்பின் நுனியில் மைக்கைத் தூக்கிக்கொண்டு நடிகர்களின் தலைக்கு மேலே நீட்டினார். தோள்பட்டை தேய்ந்த பிறகு தலைமை ஒலிப்பதிவாளர் ஆனார். வருஷத்துக்கு ஐந்நூற்றேழு மணி நேரம் வேலை பார்த்ததாகக் காட்டினால் சும்மா இருக்கும் நாட்களை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்பதால், ஐந்நூற்றெட்டாவது மணி நேரத்தில் அவருக்கு எந்தக் கதையும் பிடிக்காமல் போய்விடும். முப்பத்தேழு படங்கள். ஒரு விமரிசகராவது அவர் பெயரை எழுதினாரா? படம் நன்றாயிருந்தால் ஒளிப்பதிவு பிரமாதம் என்பார்கள். வசனம் புரியாவிட்டால் மட்டும் ஒலிப்பதிவு ஞாபகத்துக்கு வரும். மனிதருக்கு அதில் தீராத கோபம். அந்தக் கோபத்தில் காதை இன்னும் கூர்மையாக்கிக்கொண்டே போனார்.

ஒருநாள் அவர் மனைவி மரிவோன் சாப்பாட்டு மேசைக்கு எதிரே நின்று சொன்னாள்: "ரெமி, நான் நாந்த்துக்குப் போறேன். அங்க பள்ளிக்கூடத்துல வேலை கெடச்சிருக்கு. திரும்பி வர்றதா இல்ல."

ரெமி தலையைச் சாய்த்தார். "ரூம்ல எதிரொலி ஜாஸ்தியா இருக்கே. திரைச்சீலையைக் கழட்டிட்டியா?"

கழற்றித்தான் இருந்தாள். பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதமே ரெமி காந்தால் மலைக்குப் படப்பிடிப்புக்குப் போனார். இயக்குநர் கிளோதில்த், ஆறு பேர் கொண்ட குழு. நடிகர்கள் கிடையாது. ஃபிர்மேன் என்ற எண்பத்தோரு வயது விவசாயி, தன் வீட்டில், தன் மாடுகளோடு, தானாகவே வாழ்வதுதான் படம். அதற்கு என்ன ஒலிப்பதிவு என்கிறீர்களா? ரெமியைக் கேளுங்கள். முதல் நாளே மாதா கோயில் மணியை நிறுத்தச் சொல்லிப் பாதிரியாரைக் கெஞ்சினார். மாடுகளின் கழுத்து மணிகளுக்குள் துணியை அடைத்தார். அடுத்த பண்ணை நாயை நாலு மைல் தள்ளி ஒரு வீட்டுக்கு விருந்துக்கு அனுப்பினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போர்வைக்குள் சுருட்டினார். குளிர்பெட்டியின் கம்பியைப் பிடுங்கி, மறுபடி மாட்ட மறந்துவிடக்கூடாது என்று தன் வண்டிச் சாவியை உள்ளே, பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. ஃபிர்மேனுக்குத்தான் தெரியாது.

"ஏம்மா, இந்தத் தம்பிக்கு ஏதாவது ஒடம்பு சரியில்லையா?" என்று கிளோதில்த்திடம் கேட்டார்.

"அவர் காது அப்படிங்க ஐயா. ரொம்ப நுட்பம்."

"பாவம்" என்றார் ஃபிர்மேன்.

படத்தின் உயிர் ஒரே ஒரு காட்சியில் இருந்தது. ஃபிர்மேனும் அவர் அண்ணனும் ஒரு வேலித் தகராறில் முப்பத்தொரு வருஷம் பேசாமல் இருந்தவர்கள். அண்ணன் இறந்த அன்று காலையில் வேலியோரம் வந்து ஏதோ சொன்னானாம். அதை ஃபிர்மேன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கிளோதில்த் இரண்டு வருஷம் அந்த வீட்டுக்கு நடையாய் நடந்து, அவரோடு சூப் குடித்து, கன்று ஈன்றபோது கூட நின்று, கடைசியில் சம்மதம் வாங்கியிருந்தாள்.

"ஒரே தரம்தான் சொல்வேன். திருப்பிக் கேக்கக்கூடாது" என்றார் கிழவர்.

அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஆரம்பித்தார். கேமரா ஓடியது.

"நான் பால் கறந்துட்டு வந்தேன். அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறான். தொப்பியைக் கழட்டிக் கையில வச்சிருக்கான். எங்கிட்டப் பேசப் போறான்னு தெரிஞ்சுபோச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஃபிர்மேன்னு கூப்பிட்டான். கூப்பிட்டுட்டு..."

கண் கலங்கியது. கிளோதில்த் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ரெமி கையைத் தூக்கினார்.

படப்பிடிப்பில் 'கட்' சொல்லும் உரிமை இயக்குநருக்குத்தான். ரெமி சொல்லவில்லையே, கையைத்தானே தூக்கினார்? ஆனால் ஃபிர்மேன் மரியாதை தெரிந்த மனிதர். எதிரே ஒருவர் கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க" என்றார் ரெமி. "மூக்குல ஒரு விசில் வருது. கொஞ்சம் சிந்திட்டு, விட்ட எடத்துலேருந்து சொல்லுங்களேன்."

ஃபிர்மேன் கைக்குட்டையை எடுத்தார், மூக்கைச் சிந்தினார், மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கிளோதில்த் கெஞ்சினாள், அழுதாள்.

"சொல்றேன்னு சொன்னேம்மா. சொல்லிட்டுத்தான் இருந்தேன். அவரு என் மூக்கைக் கேட்டுட்டிருந்தாரு."

வேலியைப் பார்த்தபடி கிழவரின் உதடுகள் மெல்ல அசைந்தன. தனக்குத்தானே அதைச் சொல்லி முடித்துக்கொண்டார் போலிருக்கிறது. பதிவை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஆனால் சட்டையில் குத்திய பொட்டு மைக் இன்னும் அவர் நெஞ்சில்தான் இருந்தது. ரெமியின் காதில் கருவியும் இருந்தது.

ஊர் திரும்பும்போது வண்டியில் கிளோதில்த் கேட்டாள்: "ரெமி, ஜன்னல்கிட்ட நின்னு முணுமுணுத்தாரே. உனக்குக் கேட்டிருக்கும். உனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். அண்ணன் என்ன சொன்னானாம்?"

ரெமி கண்ணை மூடிக்கொண்டார். கிழவரின் குரல் அப்படியே காதில் இருந்தது. அதன் கரகரப்பு, கம்பளிச் சட்டை உரசியது, கண்ணாடியில் பட்டுத் திரும்பிய மூச்சு, எல்லாம்.

"கீழ்க்குரல் ரொம்ப அழகா விழுந்துது" என்றார். "விசில் சுத்தமா போயிருந்துது."

"வார்த்தை, ரெமி. வார்த்தை!"

வார்த்தை இல்லை. எவ்வளவு துழாவினாலும் இல்லை. மறுநாள் கடைக்குப் போய் இன்னும் நுட்பமான ஒரு மைக்கை வாங்கிக்கொண்டார்.

அந்தக் காட்சி இல்லாமலே படம் வந்தது. தென்திசையில் ஒரு சின்னத் திரைப்பட விழாவில் அதற்கு ஒலிப்பதிவுக்கான பரிசு கொடுத்தார்கள். "இந்தப் படத்தின் மௌனம் அபாரம்" என்று நடுவர்கள் எழுதினார்கள். ரெமி மேடையேறினார். அரங்கம் எழுந்து கைதட்டியது. கிளோதில்த் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அதை அவர் பார்க்கவில்லை. பின்வரிசைக் கைதட்டல் அரை நொடி பிந்தி வருகிறது என்பது மட்டும் உறைத்தது.

எவனோ ஒரு பிரெஞ்சுக்காரன், நமக்கென்ன என்கிறீர்களா? இருக்கட்டும். ஒன்று மட்டும் சொல்லுங்கள். வேலியோரம் நின்ற அந்த அண்ணன் என்ன சொல்லியிருப்பான் என்று யோசிக்கிறீர்களா, அல்லது எங்கோ ஓர் ஒற்று விட்டுப்போனதைப் பிடித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதப் பேனாவைத் தேடுகிறீர்களா? தாராளமாக எழுதுங்கள். எழுதுமுன் ஒரு கேள்வி: நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து ஒருவர் உங்களிடம் ஏதோ சொன்னார். நீங்களும் "ம்" என்றீர்கள்.

என்ன சொன்னார்?