மூடுபனியில் ஓர் ஓவர்டேக்

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், வலது முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கு நீயும் மச்சானும் எப்படி என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயம்.

நடந்தது அத்தனையும் நான் முன்னாடியே சொன்னதுதான். சொன்னேனா இல்லையா? பனி இறங்கும் என்றேன், இறங்கியது. கால் வலிக்கும் என்றேன், வலித்தது. உன் மகளைப் பெண் கேட்டிருக்கும் அந்தக் கடிகாரக் கடைக்காரன் நமக்குச் சரிப்பட மாட்டான் என்றேன், அதுவும் பலித்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை பையன் வீட்டுக்குப் பதில் சொல்லணும், ஆளை எடை போட்டுச் சொல்லுண்ணா, நீ வேணாம்னா வேணாம்" என்று நீதானே அவனோடும் உன் மகளின் ஆபீஸ் கூட்டத்தோடும் என்னை மலைக்கு அனுப்பினாய்? போட்டாச்சு. எடை கம்மி.

ஏற்றம் என்றார்கள். ஏற்றமா அது, சுவர். ஆபீஸ் பிள்ளைகள் ஆளுக்கொரு தடி, முதுகில் ஒரு குடித்தனம், மூச்சை எப்படி விடுவது என்று செல்போனில் பார்த்துப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். நான் பிறந்ததிலிருந்து விட்டுக்கொண்டிருக்கிறேன், யாரிடமும் கேட்டதில்லை. "வழிகாட்டி முன்னாடி போகட்டும் மாமா" என்றாள் உன் மகள். "தாராளமா போகட்டும், எனக்குப் பின்னாடி" என்றேன். ஆயுசுக்கும் லாரி ஓட்டினவனுக்கு வழி காட்ட ஒருத்தனா?

கடிகாரக்காரனோ வரிசையில் கடைசி. நடையும் முள் நடை, அதிலும் சின்ன முள். பேச்சாவது உண்டா? "என்ன தம்பி, மலை எப்படி?" "நல்லாருக்கு மாமா." "குளிருதா?" "ஆமா மாமா." "தொழில் எப்படி ஓடுது?" "ஓடுது மாமா." பாறையைத் தட்டியிருந்தால்கூட இன்னும் நாலு வார்த்தை கூடுதலாக வந்திருக்கும். இந்த ஊமைக்கோட்டானோடு உன் மகள் என்னத்தைப் பேசிக் குடும்பம் நடத்துவாள்?

உச்சியில் என்ன இருந்தது என்கிறாய்? புல்லு. புல்லுக்கு நடுவில் ஒரு குட்டை. அப்புறம் மறுபடி புல்லு. இதுக்கா உயிரை விட்டு ஏறினோம் என்று யோசிப்பதற்குள் பனி வந்து அதையும் மூடிவிட்டது. நீட்டின கை தெரியவில்லை. "குட்டைக் கரையைப் பிடிச்சிட்டே போங்க, பெரிய பாறை வந்ததும் இடது பக்கம் திரும்பணும்" என்று பின்னாலிருந்து வழிகாட்டி கத்தினான். பாறை வந்தது. அதை நான் எருமை என்று நினைத்து, ஹாரன் மாதிரி ஒரு குரல் கொடுத்துவிட்டு ஒதுங்கி, குட்டைக் கரையோடே போனேன். மற்றவர்கள் கோழைகள், இடது பக்கம் திரும்பிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கு முன்னால் ஒரு முதுகு! ஆடி அசைந்து போகிறது. "யோவ், வழிய விடுய்யா!" என்றேன். முதுகு திரும்பியது. "மாமா, நீங்க முன்னாடிதானே போனீங்க?"

கடிகாரக்காரன்! என் வேகத்தைப் பார்த்தாயா? வரிசைக்கு முன்னால் போனவன், வரிசையின் வாலையே பின்னாலிருந்து பிடித்துவிட்டேன்.

முன்னாடி ஒருத்தன் மெதுவா போனா என்னால பின்னாடியே போக முடியுமா, சொல்லு? வலது பக்கம் இடமிருந்தது, ஓவர்டேக் எடுத்தேன். அங்கே தரை கொஞ்சம் இளக்கம். இடுப்பு வரைக்கும் இறங்கி ஆழம் பார்த்தேன். திரும்பினால் ஆளைக் காணோம்! ஓடியே போய்விட்டான். தனி ஆளாகப் புல்லைப் பிடித்து மேலே வந்தேன்.

அடிவாரத்து டீக்கடையில் பார்த்திருக்க வேண்டும். வெயில் அடித்த காலையிலேயே பனி வரும் என்று முன்யோசனையோடு பைக்குள் வைத்த முழங்கால் நீளக் கோட்டு என் மேல், கழுத்து வரை பொத்தான் போட்டு, கம்பீரமாக. அவனோ வெறும் சட்டையில், பல்லு தந்தி அடிக்கிறது. "உங்க கோட்டு எங்க?" என்றாள் உன் மகள். "மேலயே போயிடுச்சு" என்கிறான். இவள் தன் சால்வையை எடுத்து அவன் தோளில் போடுகிறாள்! என்னைக் கேட்க ஒரு நாதி இல்லை. "உக்காருங்க மாமா" என்றதோடு சரி. நான் உட்காரவில்லை. பஸ்ஸிலும் சீட் காலியாகக் கிடந்தது, நின்றுகொண்டே வந்தேன். மலையை ஜெயித்தவன் உட்காரக் கூடாது.

ஒரு கோட்டைக் காப்பாத்தத் துப்பில்லாதவன், ஆபத்தில் கிழவனை விட்டு ஓடுறவன், நம்ம பொண்ணைக் காப்பாத்துவானா? வேணாம்னு சொல்லிடு. பொண்ணு ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், சரியாகிவிடும்.

மச்சானுக்கு என் மரியாதை. உன் மகளுக்கு நூறாயுசு. உனக்கு அண்ணனின் ஆசி, வழக்கமான அளவு.

இப்படிக்கு,
உன் உடன்பிறந்த அண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் சின்னத் திருத்தம். மேலே ஒரே ஒரு விவரம் என் சொந்தச் சரக்கு. அந்தக் கோட்டு என்னுடையது இல்லை. அது என்னுடையது இல்லையென்றால் அவன் ஓடவும் இல்லை என்று ஆகிறது, என்ன செய்ய? சேற்றில் குப்புறப் படுத்து என் இரண்டு கையையும் பிடித்து இழுத்தான். நான் வந்தேன். என் பேன்ட் வரவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறது. தன் கோட்டைக் கழற்றி எனக்கு மாட்டி, பொத்தானெல்லாம் அவனே போட்டுவிட்டுச் சொன்னான்: "கீழ ஒட்டியிருக்கற சேத்தை மட்டும் கழுவிடாதீங்க மாமா, தள்ளி நின்னு பார்த்தா பேன்ட் மாதிரியே இருக்கு." அன்று முழுக்க அவன் பேசிய ஒரே நீளமான பேச்சு அதுதான். நேற்று உன் மகளிடம் மெல்லத் தூண்டில் போட்டுப் பார்த்தேன். "அவர் ஒண்ணுமே சொல்லலையே மாமா" என்கிறாள். அவளிடமே சொல்லவில்லை! இப்படி ஒரு விஷயம் என் கையில் கிடைத்திருந்தால் டீக்கடை வருவதற்குள் ஊருக்கே தெரிந்திருக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே, இன்னிக்கே சரின்னு சொல்லிடு. வெளியாளாவே விட்டா என்னைக்காவது வாயைத் திறந்துடுவான். மாப்பிள்ளையாக்கிட்டா மாமன் மானம் அவன் மானம்.