சவ்வுக்கு ஒரு மெமோ

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கி, எங்கள் மருத்துவமனையின் 'அமைதிக் காப்புக் குழு'வில் முழுமை பெற்றது. ஐவர் கொண்ட அக்குழுவின் செயலாளர் அடியேன்.

இயக்குநர் அறைக்கு நேர் கீழே டயாலிசிஸ் பிரிவுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் அறை. அங்கிருந்த பம்பின் இரைச்சல் இயக்குநரின் 'சிந்தனை'யைக் கெடுத்தது. பம்பை நிறுத்த முடிவெடுத்துவிட்டு, முறைப்படி ஆபரேட்டரைக் கருத்துக் கேட்க அழைத்தோம்.

"தண்ணியை வடிகட்ட மூணு சவ்வு இருக்கு சார். முதல்ல இருக்கிறதுல ஓட்டை பெருசு, சேறு மட்டும் நிக்கும். ரெண்டாவதுல கிருமி நிக்கும். மூணாவது, கரைஞ்ச உப்பைக்கூட விடாது. ஆனா பம்பு அழுத்தினாத்தான் அதுல தண்ணி இறங்கும்."

"அழுத்தலைன்னா?"

"நல்ல தண்ணியே திரும்பி உப்புத் தண்ணி பக்கம் வந்துடும் சார்."

இயக்குநருக்கு மனம் பொறுக்கவில்லை. "பின்னால ஆள் தள்ளினாத்தான் வேலை செய்யுமா? நம்மள யாராவது தள்றாங்களா?"

"இல்ல சார். அதான்..." என்று ஆபரேட்டர் நிறுத்திக்கொண்டார். விவரமானவர். பிறகு குரல் இறங்கியது. "எங்க அக்கா நாலாவது பெட்ல இருக்காங்க சார். சுத்தம் பண்ணின தண்ணி தொட்டியில ஒரு நாளைக்குத்தான் இருக்கு."

"உணர்ச்சிவசப்படாதீங்க. சவ்வுக்கு ஒரு மெமோ குடுத்துடலாம்," என்றார் நிர்வாக அலுவலர்.

'கடமையைத் தன்னியல்பாகச் செய்யத் தவறியது ஏன்?' என்று விளக்கம் கேட்டு, நானே மூன்று பிரதிகள் எடுத்துக் குழாயில் ஒட்டினேன். பம்பு நின்றது. இயக்குநர் அமைதியாகச் சிந்தித்தார். குறட்டை மட்டும் லேசாகக் கேட்டது.

மறுநாள் நர்ஸ் ஓடி வந்தார். "தொட்டி காலி சார்! மிஷின் எல்லாம் நின்னுடுச்சு. நாலாவது பெட் அக்காவுக்கு மூச்சு வாங்குது!"

"மெமோவுக்குப் பதில் வந்துச்சா?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார். "ஏழு நாள் அவகாசம் இருக்கு சார்," என்றேன். இதைச் சொன்ன வாய் என்னுடையதுதான்.

அப்போது கீழே பம்பு இரையத் தொடங்கியது. ஆபரேட்டர் யாரையும் கேட்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டார்! கொஞ்ச நேரத்தில் மிஷின்கள் ஓடின. அக்கா பிழைத்துக்கொண்டார்.

மாலையே குழு கூடியது. அக்கா பிழைத்தது 'விதிமீறலின் விளைவு' என்று குறிப்பில் ஏறியது. ஆபரேட்டரை வேலையிலிருந்து நீக்க நான்கு கைகள் உயர்ந்தன. என் கை மேஜை மேலேயே கிடந்தது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. இயக்குநர் என் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தார்.

அந்தச் சவ்வு வழிவிட அவ்வளவு பெரிய பம்பு வேண்டியிருந்தது. எனக்கு அந்த ஒரு பார்வையே போதுமாக இருந்தது.