பலகாரம் கொள்ளு

செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடைக் குமாஸ்தா சென்னிமலை ஒரு நாள் பெரிய தீர்மானம் செய்தார். முதுகு வலி போக வேண்டும்; ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்கக் கூடாது.

நாளெல்லாம் சப்பணம் போட்டு உட்கார்ந்து சேலை விரித்ததில் முதுகு போயிற்று. முதலாளி திட்டித் திட்டி மனசு போயிற்று. மனசு போன அன்றெல்லாம் வீட்டில் கச்சாயப் பலகாரம் போயிற்று. பிள்ளைகளுக்கென்று மனைவி பாவாயி அடுப்படியில் குனிந்து குனிந்து சுட்டதைச் சட்டியோடு தீர்த்துவிடுவார். அவள் முதுகுக்கு எந்த வைத்தியரும் சீட்டு எழுதியதில்லை.

புருஷனுக்கு ஒரு வைத்தியர் எழுதினார்: 'தைலம் தேய்க்கவும். தினம் ஒரு மைல் நடக்கவும்.' வாயால் சொன்னது வேறு. "பலகாரத்தை உடுங்க. தொந்திதான் முதுகைப் புடிச்சு இழுக்குது."

வாயால் சொன்னதை வழியிலேயே விட்டுவிட்டார் சென்னிமலை. சீட்டின் அடியில் தம் கையால், 'மனக்கவலை வந்தால் பலகாரம் கொள்ளவும்' என்று சேர்க்கப் போனார். காகித ஓரம் இடித்தது. 'கொள்ளு' என்று முடித்தார்.

பாவாயி படித்தாள். மேலே ஒரு கையெழுத்து, கீழே ஒரு கையெழுத்து.

"சரிங்க" என்றாள்.

சாயங்காலம் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர், "மனசே செரியில்ல புள்ள. பலகாரம் எடுத்துட்டு வா" என்றார்.

வட்டில் நிறைய வந்தது, அவித்த கொள்ளு.

"ஏம்புள்ள, என்னைய மாடுன்னு நெனச்சயா?"

"வைத்தியர் எழுதினதுங்க. கவலை வந்தா பலகாரம், கொள்ளு."

"அட, கொள்ளுன்னா தின்னுன்னு அர்த்தம்!"

"அதெப்படிங்க? மேல 'தேய்க்கவும்', 'நடக்கவும்'னு மரியாதையா எழுதினவரு, கீழ வந்து உங்களை வா போன்னா பேசுவாரு? அப்படிப் பேசியிருந்தா சொல்லுங்க. நானே போயி நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்."

சென்னிமலை வைத்தியரை நினைத்தார். கொள்ளை மென்றார்.

ஒரு மாதம் மென்றார், நடந்தார். தொந்தி கரைந்தது, முதுகு நிமிர்ந்தது. அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

"முதுகுதான் நல்லாயிருச்சே! இன்னும் எதுக்குடி இந்தக் கருமம்?" என்று ஒரு நாள் கத்தினார்.

பாவாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலிருந்து எழுந்தாள். "முதலாளி பேசினா நீங்க திங்கறீங்க. நீங்க பேசினா நான் எதைத் திங்கறதுங்க?"

அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்னுங்க, கவலைங்களா? இன்னொரு உழக்கு அவிக்கட்டுங்களா?"

"கவலையா? எனக்கா?" சென்னிமலை கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்.

அன்றிலிருந்து செவ்வாய்ப்பேட்டையிலேயே கவலையில்லாத மனிதர் அவர் ஒருவர்தான்.