பெண் பார்க்க வந்த அன்று வந்த தூக்கம்

தூக்கம் வரவில்லை என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பல் வலி என்றால் டாக்டரிடம் போகச் சொல்வார்கள். தூக்கம் வரவில்லை என்றால் கேட்கிறவர்களே அந்த நிமிடம் டாக்டராகிவிடுவார்கள். அதிலும் தலையணையைக் கண்டதும் குறட்டை விடுகிறவர்கள்தான் நிறைய வைத்தியம் சொல்வார்கள். என் அப்பா அந்த ரகம். "மனசக் காலியா வச்சிக்க பாப்பா, தூக்கம் தானா வரும்" என்று சொல்ல ஆரம்பித்து, 'தானா' என்ற இடத்திலேயே தூங்கிவிடுவார்.

என் தூக்கம் கெட்டதற்குக் காரணம் அமெரிக்காவின் அழுக்குத் துணி. (சிரிக்காதீர்கள், உண்மை.)

சென்னையில் தெருவுக்கு ஒரு கால் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம். பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, மன்னார்குடியில் அப்பாவின் உரக்கடையில் யூரியா மூட்டைக்குப் பில் போட்டுக்கொண்டிருந்த நான், பேப்பரில் விளம்பரம் பார்த்துச் சென்னைக்குப் போனேன். வேலை கிடைத்தது. ராத்திரி முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அமெரிக்கர்களின் வாஷிங் மெஷின் புகார்களைக் கேட்க வேண்டும். அதுவரை வாஷிங் மெஷினைக் கடைக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. எங்கள் வீட்டுத் துவைக்கிற கல் ஒரு நாளும் ரிப்பேர் ஆனதில்லை.

அமலோற்பவ மேரி என்ற என் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அமெரிக்கர்கள் போனை வைத்துவிடுவார்கள் என்று, ஆபீசில் என்னை 'எமி' ஆக்கினார்கள். இரண்டு வருடம் எமியாக இருந்தேன். சாயங்காலம் எழுந்து பல் விளக்குவேன். ஊர் டிபன் சாப்பிடும் நேரத்தில் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். பிறகு ஒருநாள், எங்களைவிட மலிவாகப் பேசுகிறவர்கள் வேறு ஏதோ தேசத்தில் கிடைத்துவிட்டார்கள் என்று அந்த வேலையே போய்விட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மன்னார்குடிக்கு வந்து சேர்ந்தேன். நான் மட்டும்தான் வந்தேன். என் தூக்கம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது.

பகலெல்லாம் பிணம் மாதிரி கிடப்பேன். ராத்திரி ஊரடங்கியதும் கண் இரண்டும் டார்ச் லைட் மாதிரி எரியும். காதல் தோல்வி என்று தெருவில் ஒரு கட்சி, பேய் பிடித்திருக்கிறது என்று இன்னொரு கட்சி. (பேய்க் கட்சிக்குத்தான் ஆள் அதிகம்.)

அம்மா பாலில் ஜாதிக்காய் இழைத்துக் கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரர், எருமைத் தயிர் சாப்பிட்டால் எருமை மாதிரி தூங்கலாம் என்றார். சாப்பிட்டேன். எருமை மாதிரி அசைபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கன்னியாஸ்திரி ஆகப் போய்ப் பாதியில் திரும்பியவர், ஜெபமாலையைவிட்டால் வேறு மருந்தில்லை என்றார். ஆகவே எல்லோரும் முழங்கால் போட்டோம். அப்பா சிலுவை அடையாளம் போட்டதோடு சாய்ந்தார். ஜெபமாலையின் முதல் பத்து மணிக்குள் அம்மா தூங்கிப்போனாள், இரண்டாவது பத்தில் அத்தையே போனார். நான் மட்டும் ஒரு மணி விடாமல் முடித்து, அந்த வாரத்தில் எங்கள் குடும்பம் மொத்தத்துக்கும் மோட்சம் வாங்கி வைத்தேன்.

கடைசியில் அம்மா என்னை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் மாத்திரையே எழுதவில்லை. ராத்திரி எப்போது தூங்கினாலும் சரி, காலையில் தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும். எழுந்ததும் வெயிலில் நிற்க வேண்டும். பகலில் படுக்கக் கூடாது, மத்தியானத்துக்கு மேல் டீ காபி கூடாது, தூக்கம் வராவிட்டால் கட்டிலில் புரளாமல் எழுந்து உட்கார வேண்டும். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் திரும்பும்மா. ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆவும், அவசரப்படாத" என்றார். மாத்திரை எழுதாத டாக்டரை எங்கள் வீட்டில் யாரும் மதிக்கவில்லை.

அந்த வாரமே வரன் வந்தது. தஞ்சாவூர்க் குடும்பம். மாப்பிள்ளை இருதயராஜ் டெக்சாஸில் இன்ஜினியர். குறைந்த லீவில் வருகிறார், வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே பெண் பார்க்கிறார்கள். போட்டோவைப் பார்த்தேன். மீசையும் சிரிப்பும் பிடித்திருந்தது. (இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு நல்ல பெண்.) ஒரே ஒரு சிக்கல். நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்ததாக மட்டும் அப்பா சொல்லியிருந்தார். ராத்திரி வேலை என்பதை விட்டுவிட்டார். ராத்திரி வேலைக்குப் போன பெண் என்றாலே முகம் சுளித்த காலம். ஏற்கெனவே திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு வரன் அதனாலேயே திரும்பிப் பார்க்காமல் ஊருக்கு ஓடியிருந்தது. "கேட்டா சொல்லிக்கலாம் பாப்பா. நாமளா ஏன் எடுத்துக் குடுக்கணும்" என்றார் அப்பா.

பட்டப்பகலில் விழித்திருப்பது எப்படி என்று யோசித்தபோதுதான் என் மூளை வேலை செய்தது. (செய்யாமலே இருந்திருக்கலாம்.) சனிக்கிழமை பகலிலும் தூங்கக் கூடாது, ராத்திரியிலும் கூடாது. ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அவர்கள் வந்து போய்விடுவார்கள். அதுவரை தாக்குப்பிடித்துவிட்டு, அன்று ராத்திரி ஊரோடு சேர்ந்து படுத்தால் ஒரே அடியில் தூக்கம் நேராகிவிடும். டாக்டரம்மாவுக்கு மாதக் கணக்கில் ஆகிற காரியத்தை நான் ஒரே நாளில் முடித்துக் காட்டுவதாக இருந்தேன்.

திட்டத்தில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டை நான் சேர்க்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு வருகிற எவரும் அந்தக் கேட்டைச் சேர்க்காமல் கணக்குப் போட மாட்டார்கள். போட்டது நான் மட்டும்தான். கேட் மூடியது. ஒரு ரயில் போனது. திறப்பதற்குள் இன்னொன்று வந்தது. காலையில் வரவேண்டியவர்கள் உச்சி வெயிலில்தான் வந்து இறங்கினார்கள்.

அதற்குள் அம்மா எனக்குக் காபி மேல் காபியாக ஊற்றியிருந்தாள். இது தெரியாத அத்தை, பெண் படபடப்பாக இருக்கிறாளே என்று ஒரு டம்ளர் ஜாதிக்காய்ப் பாலைக் கொண்டுவந்து, "நிதானமா இருக்கும், குடி" என்று குடிக்க வைத்துவிட்டார். இரண்டும் வயிற்றுக்குள் சண்டை போட்டன. ஜாதிக்காய் ஜெயித்தது.

கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, தாய்மாமா, நடுவில் இருதயராஜ். மாப்பிள்ளையின் அம்மா ரிட்டயரான டீச்சர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார் என்றால் எதிரில் இருப்பவருக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கத் தோன்றும். காபித் தட்டைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் ஏதோ கேட்கக் கேட்க, என் தலை மெல்லக் கீழே போனது. திடுக்கிட்டு நிமிர்த்தினேன். மறுபடி போனது.

"ரொம்ப அடக்கமான பொண்ணு. நிமிந்தே பாக்க மாட்டேங்குது" என்று மாப்பிள்ளையின் அப்பா பாராட்டினார்.

அத்தை பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினார். நான் சட்டென்று நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துப் பல்லைக் காட்டினேன். அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எனக்குத் தெரியாது. கர்த்தர் என்னைக் கைவிட்டது அதற்கு அடுத்த நிமிடம். பையனும் பெண்ணும் தனியாக நாலு வார்த்தை பேசட்டுமே என்று தாய்மாமா சொன்னார்.

அப்பாவின் அறைக்குள் எங்களை அனுப்பிக் கதவை ஒருக்களித்தார்கள். ஒரு இரும்பு பீரோ, அம்மாவின் தையல் மெஷின், இரண்டு நாற்காலி. தலைக்கு மேல் பழைய சீலிங் ஃபேன் தாலாட்டுகிற மாதிரி கிறீச்சிட்டுச் சுற்றியது. அவர்தான் முதலில் பேசினார்.

"தப்பா நினைக்காதீங்க. நான் வந்து இறங்குனதுலேர்ந்து தூங்கல. அங்க ராத்திரி, இங்க பகல். இப்ப நீங்க எனக்கு ரெண்டு பேரா தெரியிறீங்க."

வாழ்க்கையில் அதைவிட இனிமையான வார்த்தையை நான் கேட்டதில்லை.

"எனக்கும் நீங்க ரெண்டு பேராத்தாங்க தெரியிறீங்க" என்றேன்.

"அஞ்சே நிமிஷம் கண்ண மூடிக்கலாமா?"

"மூடிக்கங்க. நானும் மூடிக்கிறேன்."

இதுதான் எங்கள் காதல் வசனம் முழுவதும். கணக்குப்படி அந்த அறையில் நாங்கள் நான்கு பேர். நான்கு பேரும் தூங்கிவிட்டோம்.

வெளியே நடந்ததை அத்தை பிறகு சொன்னார். முதலில் எல்லோருக்கும் சந்தோஷம். நன்றாகப் பேசுகிறார்கள் என்று தாய்மாமா தொடையைத் தட்டிக்கொண்டாராம். நேரம் போகப் போக, இன்னுமா பேசுகிறார்கள் என்று ஆச்சரியம். உள்ளே கர்ர் என்று ஒரு சத்தம் கேட்க, அது என்ன என்று மாப்பிள்ளையின் அப்பா விசாரிக்க, ஃபேனுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று அப்பா சமாளித்திருக்கிறார். அடுக்களையில் மட்டன் குழம்பு ஆறி மேலே ஏடு கட்டிவிட்டது. இனியும் தாங்காது என்று அம்மா கதவைத் திறந்தாள். பின்னாலேயே இரண்டு குடும்பமும் எட்டிப் பார்த்தது.

இருதயராஜ் பீரோவில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து கிடந்தார். நான் தையல் மெஷின் மேல் கவிழ்ந்திருந்தேன். பதறிப்போன அம்மா என் தோளைத் தொட்டு உலுக்கினாள். இரண்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா? கண்ணைத் திறக்காமலே, மூக்கால் பேசுகிற அமெரிக்க ராகத்தில், கணீரென்று சொன்னேன்:

"தேங்க்யூ ஃபார் காலிங். திஸ் இஸ் எமி. மே ஐ ஹாவ் யுவர் மாடல் நம்பர், மேம்?"

கண்ணைத் திறந்தேன். எதிரில் கண்ணாடிக்கு மேலே இரண்டு கண்கள்.

"எமி யாரு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பா முந்திக்கொண்டார். "அது இவளோட ஞானஸ்நானப் பேருங்க."

"ஞானஸ்நானப் பேரு அமலோற்பவ மேரின்னு நீங்கதான சொன்னீங்க?"

உரக்கடையில் முப்பது வருடம் எந்தக் கேள்விக்கும் தயங்காத மனிதர், புடவைக் கடைப் பொம்மை மாதிரி நின்றார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தூக்கமும் போய்விட்டது. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ராத்திரி வேலை, அமெரிக்காவின் அழுக்குத் துணி, எமி, இரண்டு நாளாகத் தூங்காமல் இருந்தது வரை. கன்னத்தில் தையல் மெஷினின் அச்சு பதிந்திருந்ததை மட்டும் சொல்லவில்லை. அதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"நைட் ஷிப்டா?" என்று தாய்மாமா இழுத்தார். அந்த இழுப்பிலேயே வரன் திண்டுக்கல் பக்கம் நகர்வது தெரிந்தது. இருதயராஜ் அதற்குள் விழித்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன நைட் ஷிப்டு? இங்க ராத்திரின்னா அங்க பகல். அமெரிக்காக்காரனுக்குப் பகல்லதான வேல பாத்திருக்கா?" என்று தன் தம்பியான தாய்மாமாவிடம் கேட்டார். பிறகு குரல் இறங்கியது. "இவன் போனதுலேர்ந்து நானும்தான் நடுராத்திரி எந்திரிச்சு போன் பக்கத்துல உக்காந்திருக்கேன். என்னைக்குக் கூப்புடுவான்னு தெரியாது. நாலு வருஷமாச்சு நான் ஒழுங்காத் தூங்கி. என்ன யாராச்சும் தப்பு சொன்னீங்களா?"

இருதயராஜ் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கும் அன்றுதான் தெரியும் என்று நினைக்கிறேன். பிறகு, மட்டன் குழம்பைச் சூடு பண்ணலாம் என்று அந்த அம்மாவே சொன்னார். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பாயை விரித்துப் படுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் சாயங்காலம் காபி குடித்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.

கல்யாணம் முடிந்து இருதயராஜ் டெக்சாஸுக்குத் திரும்பிவிட்டார். விசா வர மாதங்கள் ஆயின. அந்த நாட்களில்தான் டாக்டரம்மா சொன்னதை ஒழுங்காகச் செய்தேன். காலையில் அத்தை எழுப்பிவிடுவார். எங்கள் தெருக்கோடியில் ரோட்டிலேயே நெல் காயப் போட்டிருப்பார்கள். அங்கே போய் நெல்லோடு நெல்லாக வெயிலில் நிற்பேன். மத்தியானம் கண் செருகினால் அப்பா கடைக்கு அழைத்துப் போய் மூட்டை எண்ணச் சொல்வார். மெல்ல மெல்ல, டாக்டரம்மா சொன்ன மாதிரியே, தூக்கம் திரும்பியது. அறுவடை முடிவதற்குள் ஊரடங்கும்போது நானும் அடங்கினேன். பேய்க் கட்சி கலைந்தது.

தூக்கம் நூற்றுக்கு நூறு மன்னார்குடிக்காரியான அதே வாரம் விசா வந்தது. டெக்சாஸில் போய் இறங்கினேன். அங்கே பகலெல்லாம் பிணம் மாதிரி கிடந்தேன். ராத்திரி கண் இரண்டும் டார்ச் லைட். ஜாதிக்காய் தேடிக் கடை கடையாக என் கணவர் அலைந்தார்.

இப்போது இரண்டு வீட்டிலும் எந்தக் கல்யாணப் பேச்சு வந்தாலும் என் மாமியாரைத்தான் முதலில் உட்கார வைப்பார்கள். எதிரில் இருப்பவர்களைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரிக்காமல் சொல்வார்:

"நல்ல எடம்னா கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணு எடுக்கலாம்பாங்க. எங்க வீட்ல பொண்ணு பாத்ததே கண்ண மூடிக்கிட்டுத்தான்."