மூக்குச் சொட்டுக்கு நின்ற வரிசை

ஹவானா, ஆகஸ்டு 9

அன்புத் தங்கை ஒர்த்தென்சியாவுக்கு,

அண்ணன் எவரிஸ்தோ நலம். நீயும் மாப்பிள்ளையும் உன் கோழிகளும் நலம்தானே?

உன் மகள் யானிசெலைக் கண்காணிக்கச் சொல்லி என்னிடம் அனுப்பினாய். கண்காணித்தேன். என் கண் முன்னாலேயே, என் சமையலறையிலேயே, டெங்குவுக்குத் தடுப்பு மருந்து செய்துவிட்டாள். ஊசிகூட வேண்டாமாம், மூக்கில் இரண்டு சொட்டு போதுமாம். "எலிக்காவது போட்டுப் பார்த்தியாடி?" என்றேன். "கணினியில பத்தாயிரம் தடவை பார்த்தாச்சு மாமா, சரியா வருது" என்றாள். "கணினிக்குக் காய்ச்சல் வருமாடி?" என்றேன். "ஞாயித்துக்கிழமை நானே போட்டுக்கறேன், தெரிஞ்சிடும்" என்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இதை அவள் ஒரே ஒரு தோழியிடம்தான் சொன்னாளாம். மறுநாள் காலை கதவைத் திறந்தால் மாடிப்படி முழுக்க வரிசை. நம் ஊர்க்காரர்களைத்தான் தெரியுமே, "கடைசி யாரு?" என்று கேட்டு இடம் பிடித்த பிறகுதான் என்ன கொடுக்கிறார்கள் என்றே விசாரிப்பார்கள். ஒருத்தி எண்ணெய் வாங்கப் புட்டியோடு நின்றாள். "இது சோதிக்காத மருந்தும்மா, ஆபத்து!" என்று கத்தினேன். "அப்போ கடையில கிடைக்காத சரக்கு!" என்று பின்னால் இன்னும் இருபது பேர் சேர்ந்துகொண்டார்கள். "என்னன்னே தெரியாம சம்மதிச்சா அது சம்மதமா?" என்று கேட்டேன். "பேசினது போதும் தாத்தா, வரிசையை நகர விடுங்க" என்றார்கள்.

நான் தடுப்பு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் வருடம் ஞாபகம் வந்தது. எலி, குரங்குச் சோதனை எல்லாம் முடிந்து, எங்கள் மருந்தை முதலில் நாங்களே போட்டுக்கொள்ள ஆய்வுக்கூட நடையில் நின்ற வரிசை. "கடைசி யாரு?" என்று ஓடினேன். "நான்தான், வாடா" என்று கூட வேலை பார்த்த ரெமிஹியோ சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே சிரித்தான். மறுநாள் எல்லோருக்கும் காய்ச்சல். ஒரே பிளாஸ்க் காப்பி, எல்லோர் காய்ச்சலையும் எழுத ஒரே நோட்டு. ரெமிஹியோ இப்போது இல்லை. அந்த நாளை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

இதைச் சொன்னதும், "நீங்க மட்டும் போட்டுக்கலாமா?" என்றாள் உன் மகள். "எங்க காய்ச்சலை எழுதி வைக்கப் பக்கத்துல ஆள் இருந்துச்சுடி" என்றேன்.

ஆகவே மருந்துப் புட்டியை எல்லோர் எதிரிலும் தொட்டியில் கொட்டிவிட்டேன். வரிசை என்னைத் திட்டிக்கொண்டே கலைந்தது. நீ நிம்மதியாகத் தூங்கு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, கோழிகளுக்கு என் ஆசி.

உன் அண்ணன்,
எவரிஸ்தோ

பி.கு.: புட்டியைத்தான் கொட்ட முடிந்தது. செய்முறை கணினியில் பத்திரமாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னொரு புட்டி செய்துவிடுவாள். அதனால் கொட்டுவதற்கு முன் இரண்டு சொட்டு என் மூக்கில் விட்டுக்கொண்டேன். காய்ச்சல் முப்பத்தெட்டரை டிகிரி செல்சியஸ். யானிசெல் என்னைத் திட்டிக்கொண்டே மணிக்கொரு தரம் நோட்டில் எழுதுகிறாள். அவள் வந்து "கடைசி யாரு?" என்று கேட்கும்போது, "நான்தான்" என்று சொல்ல முன்னால் ஓர் ஆள் வேண்டாமா?