பியானோவுக்கு எடை போட்ட கதை

பொதுமக்கள் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்படுத்தப்பட்டது எடை அளவைத் துறை. தராசு, எடைக்கல், முழக்கோல் எதுவானாலும் அந்தத் துறையின் முத்திரை விழுந்த பிறகுதான் செல்லுபடியாகும். முத்திரை விழாத வரைக்கும் ஒரு கிலோ என்பது வெறும் அபிப்பிராயம்தான்.

அப்பேர்ப்பட்ட துறையில் தலை நரைக்கும் வரை முத்திரை குத்திய இன்ஸ்பெக்டர் ஒருவருக்குப் பியானோ கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது. இசைக்கருவிக் கடை ஒன்றில் பார்சல் தராசைச் சோதிக்கப் போனவர், வேலை முடிந்து கிளம்பும்போது, அங்கே வைத்திருந்த டிஜிட்டல் பியானோவில் சும்மா ஒரு விரலை வைத்துப் பார்த்தார். மெல்ல அழுத்தினால் மெல்லப் பேசியது. பலமாக அழுத்தினால் நிமிர்ந்து பேசியது. அவர் உத்தியோகத்தில் எத்தனையோ பேர் அவருக்குப் பயந்து பதில் சொல்லியிருக்கிறார்கள். அவர் கை சொன்னதைக் கேட்டுப் பதில் சொன்னது இது ஒன்றுதான். மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் சொன்னார்.

"இந்த வயசுலயா? முட்டி வலின்னு மாடி ஏற மாட்டேங்கறீங்க," என்றாள் மனைவி.

"பியானோவை முட்டியாலயா வாசிக்கறாங்க?"

"அது சரி, எங்க வைப்பீங்க? ஃபிரிட்ஜே ஹால்ல நிக்குது. ஆபீஸ்ல கொண்டுபோய் வைங்க."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சமயம் பார்த்து அரசு அலுவலகங்களில் பியானோ மோகம் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. ஊழியர்களின் மன அமைதிக்காகப் பதிவுத் துறை ஒன்று வாங்கியது. அதைப் பார்த்துச் சாலைத் துறை அதைவிட நீளமாக ஒன்று வாங்கியது. எடை அளவைத் துறையின் டைரக்டருக்கு இருந்த மன அமைதியும் போயிற்று.

"பியானோ இல்லாத துறை நம்ம துறை மட்டும்தான். நான் எப்படி மீட்டிங்ல தலை நிமிர்ந்து உட்கார்றது?" என்று கூட்டம் போட்டார். "இங்க யாருக்காவது வாசிக்கத் தெரியுமா?"

யாருக்கும் தெரியாது.

"கத்துக்கவாவது ஆசை இருக்கா?"

இன்ஸ்பெக்டரின் கை தானாகவே உயர்ந்தது.

"நல்லது. நீங்களே போய்த் தேர்வு பண்ணிக் கொண்டுவாங்க. கமிட்டி பார்த்து முடிவு செய்யும்."

இன்ஸ்பெக்டர் பறந்தார். கடையில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். "புதுசா கத்துக்கறவங்க முதல்ல விரல் வைக்கிற கட்டையைத்தான் சார் பார்க்கணும். உள்ள எத்தனை பாட்டு இருக்கு, எத்தனை லைட் எரியுதுன்னு பார்த்து ஏமாறக் கூடாது. இதுல கட்டைக்குக் கனம் இருக்கு பாருங்க. இடது பக்கம் கொஞ்சம் அதிகம், வலது பக்கம் போகப் போக லேசு. நிஜப் பியானோ அப்படித்தான். இதுல விரல் பழகிட்டா நாளைக்கு எதுலயும் உட்கார்ந்து வாசிக்கலாம்."

அவர் முன்பு விரல் வைத்த அதே பியானோதான். வண்டியில் ஏற்றும்போது தானும் ஒரு கை பிடித்தார்.

கமிட்டி கூடியது. டைரக்டர் பியானோவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மொத்தம் எத்தனை கட்டை?"

"எண்பத்தெட்டு சார்."

"மீதி பன்னிரண்டு எங்க?"

"எந்த மீதி சார்?"

"நூறுக்கு மீதி."

"பியானோன்னாலே எண்பத்தெட்டுதான் சார். ஆனா கட்டைக்கு நல்ல கனம் இருக்கு."

"கடையில சொன்னாங்களாக்கும்," என்று உதவி டைரக்டர் சிரித்தார். எண்ணிக்கைக் குறைவு வருந்தத்தக்கது, எனினும் மன்னிக்கத்தக்கது என்று முடிவாயிற்று.

"சரி, எடை போடுங்க," என்றார் டைரக்டர்.

"பியானோவையா சார்?"

"கட்டைக்குக் கனம் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? கனம்னு ஒருத்தன் சொன்னா அதை நிறுத்துப் பார்க்கத்தான் அரசாங்கம் நமக்குச் சம்பளம் குடுக்குது."

எடைக்கல் பெட்டி வந்தது. இடது கோடிக் கட்டையின் மேல் ஒவ்வொரு கல்லாக வைத்தார்கள். எழுபது கிராம் ஏறியதும் கட்டை அமிழ்ந்தது. வலது கோடிக் கட்டை ஐம்பதிலேயே அமிழ்ந்துவிட்டது.

"இருபது கிராம்!" என்றார் டைரக்டர். "ஒரே சாமான். இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் இருபது கிராம் வித்தியாசம். இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். அது அப்படித்தான் இருக்கணும்."

"தராசுத் தட்டு இப்படி இருந்தா என்ன செய்வீங்க?"

"நிராகரிப்பேன் சார்."

"அப்படித்தான் இருக்கணும்னு கடைக்காரன் சொன்னா?"

"இன்னும் கடுமையா நிராகரிப்பேன் சார்."

"அப்புறம் என்ன?"

இன்ஸ்பெக்டர் பியானோ முன்னால் போய் நின்றார். "கொஞ்சம் வாசிச்சுக் காட்டட்டுமா சார்? காதால கேட்டா புரியும்."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது சார். கத்துக்கத்தான்..."

"தெரியாதவர் வாசிச்சு, தெரியாதவங்க கேட்டு, ஒரு முடிவுக்கு வர்றதா? நல்லா இருக்கே! அதுக்குத்தானே ஐயா எடைக்கல் இருக்கு?"

இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பதவி உயர்வு டைரக்டரின் கையெழுத்துக்காகக் காத்திருந்ததால் இன்ஸ்பெக்டர் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டார். நிராகரிப்பு முத்திரையைத் தன் கையாலேயே பியானோவின் முதுகில் குத்தினார்.

நிராகரித்த பொருளைத் திரும்பக் கடைக்கு அனுப்பினால் பொதுமக்கள் ஏமாறுவார்கள். அலுவலகக் கிடங்கோ ஒழுகுகிறது. ஆகவே மேற்படி பொருள் பாதுகாப்புக் கருதி டைரக்டரின் வீட்டுக்கே அனுப்பப்பட்டது. அங்கே அவருடைய மகள், ஒரு வாத்தியாரை வைத்துக்கொண்டு, மாலைதோறும் அதைப் பாதுகாத்து வந்தாள். பாதுகாப்பு நாளுக்கு நாள் இனிமையாகி வருவதாக அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

அலுவலகத்துக்கு வேறொன்று வந்தது. உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் கட்டைகள். எந்தக் கட்டையும் கல் வைப்பதற்கு முன்பே அமிழ்ந்தது. "ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்ல!" என்று உதவி டைரக்டர் நெகிழ்ந்துபோனார். திறப்பு விழாவில் டைரக்டர் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு விரல்களைக் கட்டைமேல் ஓட்டினார். கைக்குட்டை எடுக்க அவர் கையைத் தூக்கிய பிறகும் பாட்டு நிற்காமல் ஓடியது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டைரக்டர் குனிந்து வணங்கினார்.

மதிய இடைவேளையில் இன்ஸ்பெக்டர் தனியாக அதன் முன் உட்கார்ந்தார். மெல்ல அழுத்தினார், பலமாக அழுத்தினார். மனுக் கொடுத்தவர்களுக்கு அவர் அலுவலகம் அனுப்புகிற பதிலைப்போல, இரண்டுக்கும் ஒரே சத்தம்தான் வந்தது.

டைரக்டர் அதோடு விடவில்லை. பொதுநலன் கருதி, இனி சம எடைக் கட்டைகள் உள்ள பியானோக்களை மட்டுமே முத்திரையுடன் விற்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வும் வந்தது. கடை கடையாக ஏறி இறங்கி முத்திரை குத்த வேண்டிய பதவி. குத்தினார். கனமுள்ள பியானோக்கள் ஊரை விட்டே போயின.

ஒரு வழியாக மனைவி மனம் இரங்கி, ஃபிரிட்ஜைச் சமையலறைக்குள் நெருக்கித் தள்ளி, ஹாலில் இடம் பண்ணிக் கொடுத்தாள். "நீங்க தூக்கத்துல விரலை ஆட்டறதைப் பார்க்கச் சகிக்கல. போய் வாங்கிட்டு வாங்க." இன்ஸ்பெக்டர் பழைய கடைக்கு ஓடினார்.

"கனமுள்ளதா? எங்க சார் இருக்கு?" என்றாள் கடைப்பெண். "ஒண்ணுகூட விடாம நீங்கதானே நிராகரிச்சீங்க."

பக்கத்தில், ஒரு நடுத்தர வயது அம்மாள் பிளாஸ்டிக் பியானோ ஒன்றில் ஒற்றை விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். வங்கியில் காசாளராம். பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், இனி தனக்காக ஏதாவது கற்றுக்கொள்ளப் போகிறாளாம். அந்த விரலைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்குப் பொறுக்கவில்லை.

"அதை வாங்காதீங்கம்மா. கட்டைக்குக் கனமே இல்ல. விரல் கெட்டுப்போகும்."

"அரசாங்க முத்திரை இருக்கே?"

"அது நான் குத்தினதும்மா. தப்பாக் குத்திட்டேன்."

வாய்விட்டுச் சொன்னதும் அவருக்கு மனம் லேசாகிவிட்டது. அந்த அம்மாள் திட்டுவாள், நாலு பேரைக் கூட்டுவாள், துறையின் மீது புகார் கொடுப்பாள், எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட ஒரு கணம் நம்பினார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்களே அந்த ஆபீசரா? நல்லதாப் போச்சு சார். ஊருக்கெல்லாம் இது இருந்துட்டுப் போகட்டும். எனக்கு மட்டும் எங்கயாவது நல்லதா ஒண்ணு பார்த்துக் குடுங்களேன்."

"அப்படியே எனக்கும் ஒண்ணு சார்," என்றாள் கடைப்பெண்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆபீசுக்கு வாங்க, பார்க்கலாம்," என்றார்.